பாய்ச்சுருளுக்குள் ஒரு கேணல்

கொழும்பு
2019 ஜூன் 20

அன்புள்ள முனவ்வறா ராத்தாவுக்கு, தம்பி றிப்தி எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் உயிரோடு இருக்கிறேன். காய்ச்சல் ஒன்று வந்தது, போய்விட்டது. நீங்களும் மசூர் மச்சானும் ஸப்னாவும் சின்னவனும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். கடிதம் எழுத இப்போதுதான் விட்டார்கள். தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்த பிறகுதான் இது தபாலுக்குப் போகும். உங்களுடையதும் அப்படித்தான் எனக்கு வரும். ஆகவே அவருக்கும் ஒரு ஸலாம்.

என்னை ஏன் பிடித்தார்கள் என்று ஊரெல்லாம் கேட்டு அலைந்திருப்பீர்கள். இனி அலைய வேண்டாம். எல்லாம் நம்முடைய கேணலால் வந்தது.

கேணல் ஸால்டன். வாப்பாவின் வீடியோக் கடையில் ஓயாமல் ஓடிய அந்தப் பழைய உளவுப் படத்தின் வில்லன், பட்டாளத்துக் கேணல். ஓரடி உயரப் பொம்மை, சாம்பல் கோட்டு, வெள்ளைக் கையுறை. நீங்கள் தொழ நிற்கும்போதெல்லாம் லேஞ்சித் துணியால் முகத்தை மூடி வைப்பீர்களே, அவரேதான். அவர் கையில் இருக்கும் கறுப்புப் பெட்டியைத் திறந்தால் நகத்தளவில் ஒரு வெடி, சிவப்பு வயர்களோடு இருக்கும்.

கல்யாணம் முடிந்தால் நான் ஆதிலாவின் வீட்டுக்குப் போக வேண்டியவன். அங்கே உருவம் வைக்க விடமாட்டார்கள். அதனால் தம்பிலுவில் ஊரிலிருக்கும் கிருஷாந்தனுக்கு அவரைக் கொடுக்கப் பேசினேன். அவனும் என்னைப்போல இந்தப் பொம்மைகளைச் சேர்க்கிறவன். பெட்டியை மட்டும் வெறும் மண்ணில் வைத்து, நல்ல வெயிலில், கிட்ட நின்று படம் எடுத்து ஃபோனில் அனுப்பினேன். கீழே நான் எழுதியது இது: “கேணல் ரெடியாகிட்டார். பெட்டி, வெடி எல்லாம் ஒழுங்கா இரிக்கி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியக் கல்முனை பஸ் ஸ்டாண்டில கையில தாறன்.” அவன் எழுதியது: “கவனம். வெடி விழுந்திராமப் பாருங்க.”

அந்த ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமைதான் நாடெங்கும் குண்டு வெடித்தது. வெள்ளிக்கிழமை நம் ஊரிலேயே வெடித்தது. மே மாதம் நான் வேலை செய்யும் கடைக்கு வந்து என் ஃபோனைத் திறந்த பொலிஸ்காரர்கள் அதை வாசித்தார்கள்.

பொம்மை என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. நம் சட்டத்தரணி அப்துல் ஸமட் அதே பொம்மையின் படத்தை இணையத்தில் எடுத்துக் காட்டினார். “படம் எவனும் காட்டுவான், சாமானக் கொண்டு வா” என்கிறார்கள். அந்தக் குட்டிப் பெட்டியின் ஒரு மூலை உடைந்திருக்கும். அதே உடைவு என் படத்திலும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கண்ணுள்ளவனுக்கு விளங்கும்.

ஊரடங்கு நேரத்தில் நானே அவரைப் பழைய சாரனில் சுற்றி, அலுமாரிக்கு மேலே பெருநாள் பாய்ச்சுருளுக்குள் வைத்தேன். வீட்டைத் தேடியவர்கள் பாயை விரித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. எடுத்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். அவ்வளவுதான் வேலை. பிறகு நான் வீட்டுக்கு வந்து உங்கள் கையால் சோறு தின்னலாம்.

வஸ்ஸலாம்.
தம்பி றிப்தி


சாய்ந்தமருது
2019 ஜூலை 2

என் செல்லத் தம்பி றிப்திக்கு, ராத்தா எழுதுவது.

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் எல்லோரும் சுகம். உன் சுகத்தைத் தவிர வேறு துஆ என் வாயில் இல்லை. கடிதத்தைக் கையில் வாங்கியதும் வாசலிலேயே இருந்துவிட்டேன். உன் எழுத்து அதே கோணல்தான், அதைப் பார்த்த பிறகுதான் நீ உயிரோடு இருக்கிறாய் என்று மனம் நம்பியது.

அந்தக் கோட்டுக்காரனாலா இவ்வளவும்! அன்றைக்கே சொன்னேன், உருவம் உள்ள வீட்டில் வானவரான மலக்குமார் நுழையமாட்டார்கள் என்று. நீ சிரித்தாய். சரி, இப்போது ஏசி என்ன பயன்.

அலுமாரிக்கு மேலே ஏறிப் பார்த்தேன். பாய் எல்லாவற்றையும் விரித்தேன். உன் பழைய சாரன் இருக்கிறது, கேணல் இல்லை. பயப்படாதே. அந்த நாட்களில் மச்சான்தான் வீட்டைத் துப்புரவாக்கினார், எங்காவது பத்திரமாக எடுத்து வைத்திருப்பார். அவர் ஆட்டோவில் வெள்ளாமைக்காரர் இருவரை ஏற்றிக்கொண்டு பொலன்னறுவைப் பக்கம் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை வந்துவிடுவார். வந்ததும் கேட்டு, அவர் கையாலேயே சட்டத்தரணி வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறேன்.

ஆதிலாவின் உம்மா வந்து போனார். பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறாளாம். இன்ஷா அல்லாஹ், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் நீ வந்துவிடுவாய் என்று சொல்லி அனுப்பினேன்.

மச்சான் போகும்போது, எப்போது உனக்குக் கடிதம் எழுதினாலும் தன் ஸலாமைச் சேர்க்கச் சொன்னார். ஸப்னாவும் ஸலாம் சொன்னாள்.

வஸ்ஸலாம்.
உன் ராத்தா முனவ்வறா


கொழும்பு
2019 ஜூலை 19

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் வந்த அன்றிலிருந்து நான் சுகமோ சுகம். பக்கத்தில் படுக்கிற திருகோணமலை மனிதர் கூட, “என்ன தம்பி, மாப்பிள்ளைக் களை வந்திட்டு” என்று கேலி பண்ணுகிறார்.

இங்கே என்னிடம் கேட்கிற கேள்விகளைக் கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள். “எந்தக் கேணல்?” என்பதுதான் முதல் கேள்வி. யுத்த காலத்தில் நம் கிழக்கு மாகாணத்து இயக்கங்களில் கேணல் என்று யார் யாரையெல்லாம் கூப்பிட்டார்கள் என்று நான் பிறக்காத காலத்துப் பெயர்களை எல்லாம் சொல்லிக் கேட்கிறார்கள். முஸ்லிம் பெடியனுக்கும் தமிழ்ப் பெடியனுக்கும் நடுவில் ஒரு கேணல், ஒரு வெடி. அவர்கள் மேல் முழுப் பிழையும் சொல்ல முடியாது, ராத்தா. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அந்தப் படம் ஓடும்போது வாப்பா எப்போதும் வில்லன் பக்கம்தான் நிற்பார், ஞாபகமா? “அவன்தான்டா ஒழுங்கா வேலை செய்றான். மத்தவன் சும்மா ஓடித்திரியிறான்” என்பார். சுனாமியில் கடையும் போய், அவரும் உம்மாவும் போன பிறகு, அந்தப் பொம்மையை எங்கோ ஒரு படத்தில் கண்டபோது வாப்பாவின் சிரிப்புத்தான் எனக்குக் கேட்டது. அதனால்தான் வாங்கினேன். இதை மச்சானுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவரும் கொஞ்சம் பொறுத்திருப்பார்.

மச்சான் மாப்பிள்ளையாக நம் வீட்டுக்கு வந்தபோது நான் முட்டிக்கால் தெரியக் காற்சட்டை போட்ட அநாதை. வந்த கிழமையே என்னைச் சைக்கிளில் ஏற்றி ஸ்கூலுக்குக் கொண்டு போனார். இப்போதும் அவர் கையாலேயே கேணல் வெளியே வரப் போகிறார். அவருக்கு என் ஸலாம். கேணல் கிடைத்ததும் எழுதுங்கள். கோட்டைத் தட்டிக் கொடுங்கள், தூசி பிடித்திருக்கும்.

வஸ்ஸலாம்.
றிப்தி


சாய்ந்தமருது
2019 செப்டம்பர் 10

அன்புள்ள தம்பி றிப்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கு பிள்ளைகள் சுகம்.

எழுதப் பிந்திவிட்டது. பெருநாள் வந்தது, போனது. பிறகு சின்னவனுக்குக் காய்ச்சல். டெங்கு என்று பயந்து ஆஸ்பத்திரியில் இருந்தோம், டெங்கு இல்லை. வீட்டுக் கூரையில் ஓடு இரண்டு உடைந்து மழை ஒழுகியது, அதுவும் சரி. ஸப்னா குர்ஆன் ஓதுதலில் முதல் பரிசு எடுத்தாள். மாமாவுக்கு எழுதுங்கள் என்றாள்.

உனக்கு மறைக்க விருப்பமில்லை. ஆதிலாவின் வாப்பா நாம் கொடுத்த மோதிரத்தையும் உடுப்பையும் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் தானாக வரவில்லை, பள்ளிவாசல் தலைவரிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பிள்ளையில் கோபம் வைக்காதே. அவளுக்குத் தங்கச்சிமார் இருக்கிறார்கள்.

பொம்மையைத் தேடுகிறேன். வேறு யாரிடமாவது கொடுத்தாயா என்று ஒருமுறை யோசித்துப் பார்.

உடம்பைக் கவனித்துக்கொள். தொழுகையை விடாதே.

வஸ்ஸலாம்.
ராத்தா


கொழும்பு
2019 செப்டம்பர் 25

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவது வழக்கம், எழுதுகிறேன்.

ஆதிலாவின் விசயத்தைச் சொன்னதற்கு நன்றி. கோபம் இல்லை. இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், பிறகு எழும்பிவிட்டேன்.

ஆனால் ராத்தா, நீங்கள் கூரை ஓடு வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். மச்சான் வெள்ளிக்கிழமை வந்து என்ன சொன்னார் என்று எழுதவில்லை. வேறு யாரிடமும் நான் கொடுக்கவில்லை. பாய்ச்சுருளுக்குள் வைத்தது நான், சாரன் அங்கேயே இருக்கிறது என்று எழுதியது நீங்கள். சாரனை விட்டுவிட்டுக் கேணல் தனியாக நடந்து போனாரா?

இன்னொன்று. எப்போது எழுதினாலும் தன் ஸலாமைச் சேர்க்க மச்சான் சொன்னார் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. மச்சானுக்கு ஏதும் வருத்தமா? அல்லது என்னில் கோபமா?

பதிலை மட்டும் பிந்த விடாதீர்கள். இங்கே எனக்கு எதிர்பார்க்க வேறு ஒன்றும் இல்லை.

வஸ்ஸலாம்.
றிப்தி


சாய்ந்தமருது
2019 அக்டோபர் 6

தம்பி கிருஷாந்தன் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. நான் றிப்தியின் ராத்தா. நீங்களும் உங்கள் அம்மாவும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். ஃபோனில் பேசப் பயமாக இருக்கிறது, ஒரு ஃபோன்தானே என் தம்பியைக் கொண்டு போனது. அதனால் ஸப்னாவின் டீச்சர் யசோதினியின் கையில் இதைத் தருகிறேன். அவர் உங்கள் ஊர்க்காரர், நம்பிக்கையானவர். வாசித்த பிறகு எரித்துவிடுங்கள்.

என் தம்பி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறான். அதற்குப் பதில் எழுத எனக்கு முடியவில்லை, ஏனென்றால் அவனுக்குப் போகும் கடிதத்தை முதலில் அவர்கள் வாசிக்கிறார்கள். யாரிடமாவது சொல்லாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும். உங்களிடம் சொல்கிறேன்.

ஏப்ரல் முடிகிற நேரம் எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாள், கத்தி இருந்தால் ஒப்படையுங்கள் என்றார்கள். ஒப்படைக்கப் போனவனையும் பிடித்தார்களாம் என்று மறுநாள் கதை வந்தது. பிறகு யார் போவார்? ஊரே வீட்டைக் கூட்டி அள்ளியது. கத்தியெல்லாம் கிணற்றுக்குள், ஓதுகிற கிதாபெல்லாம் அடுப்புக்குள். அரபி எழுத்து இருக்கிறது என்று பேரீச்சம்பழப் பெட்டியைக் கூட எரித்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் தண்ணீர் பீச்சி விளையாடும் துவக்கையும் நான் உடைத்துப் போட்டேன்.

என் கணவர் பாய்ச்சுருளில் அந்தக் கேணலைக் கண்டார். கையில் பெட்டி, பெட்டிக்குள் வெடி. “இது கண்ணில பட்டா றிப்தியத் தூக்கிக்கிட்டுப் போயிருவானுகள்” என்றாராம். என் தம்பியைக் காப்பாற்றத்தான் செய்தார். நான் அவருக்காக வழக்காடவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். முதலில் தலையை வெட்டினார். தலை இருந்தால் உருவம், தலை இல்லாவிட்டால் மரம் என்பது அவர் எப்போதும் சொல்வது. பிறகு உரப்பைக்குள் போட்டுக் கல் வைத்துக் கட்டி, தோணா வாய்க்கால் கடலில் விழும் பக்கம் கொண்டுபோய்க் கடலுக்குள் இறங்கி எறிந்தார். றிப்தியின் மனம் நோகும் என்று அவனுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. பத்திரப்படுத்த வேண்டியதையே கடலில் போட்டோம் என்பது ஜூலையில் நான் கேட்டபோதுதான் அவருக்கே விளங்கியது.

அதன் பிறகு பல நாள் விடிய முன் போய்த் தண்ணீருக்குள் துழாவினார். காலைப் போத்தல் ஓடு கிழித்ததுதான் மிச்சம். அந்த இடத்தில் அலை மணலை ஒரு பக்கம் இருந்து மறு பக்கம் புரட்டிக்கொண்டே இருக்கும்.

அதே பையில் ஒரு வாளும் இருந்தது. அவருடைய வாப்பா வயல் காவலுக்கு வைத்திருந்த துருப்பிடித்த வாள். பொம்மையை எறிந்தவர் இவர் என்று தெரிந்தால், பையில் வேறு என்ன இருந்தது என்று கேட்பார்கள். அவருக்குப் பொய் சொல்ல வராது. தம்பிக்கு உண்மையை எழுதினால் கணவன் உள்ளே. எழுதாவிட்டால் தம்பி உள்ளே. நான் என்ன செய்ய?

உங்களிடம் அதே போன்ற பொம்மை வேறு உண்டா? அல்லது அது பொம்மைதான் என்று காட்ட ஏதாவது உண்டா? இரந்து கேட்கிறேன்.

இப்படிக்கு,
முனவ்வறா


தம்பிலுவில்
2019 அக்டோபர் 17

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நானும் அம்மாவும் நலம். நீங்கள் எழுதியபடி உங்கள் கடிதத்தை எரித்துவிட்டேன்.

என்னையும் இரண்டு தரம் கூப்பிட்டு விசாரித்தார்கள். பொம்மை என்றுதான் சொன்னேன். நம்பவில்லை, ஆனால் விட்டுவிட்டார்கள். அந்த நேரம் அவர்கள் தேடியது என் பெயரைப் போன்ற பெயரை அல்ல. ஒரு காலம் எங்கள் பெயரைத்தான் தேடினார்கள், அப்போது என் அப்பா தம்பிமுத்து ஒரு வாக்குமூலம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் போனவர். நான் கைக்குழந்தை. அம்மா இன்னும் அந்தச் சைக்கிளின் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறா.

என்னிடம் வேறு கேணல் இல்லை. ஆனால் கேணல் வந்த அட்டைப்பெட்டி இருக்கிறது. என் கண்ணாடி அலுமாரிக்கு அளவு பார்க்க வேண்டும் என்று றிப்தியிடம் முதலே வாங்கி வைத்திருந்தேன். அதில் பொம்மையின் படமும், அந்தக் குட்டிப் பெட்டியின் படமும், வெடியின் படமும் அச்சாக இருக்கின்றன. விசாரணையில் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்கு வருவார்கள், அம்மா தாங்கமாட்டா என்று பயந்தேன். நான் வாய் திறந்திருந்தால் றிப்தி எப்போதோ வெளியே வந்திருப்பானோ என்று நினைத்து நித்திரை இல்லை.

யசோதினி டீச்சரிடம் அதைக் கொடுத்துவிட்டிருக்கிறேன். “என்ர மகன்ட பேரை மட்டும் சொல்ல வேண்டாம் எண்டு எழுது” என்று அம்மா பக்கத்தில் நின்று சொன்னா. ஓம் என்று தலையாட்டினேன். என் பெயரைச் சொல்லுங்கள், அக்கா.

இப்படிக்கு,
தம்பிமுத்து கிருஷாந்தன்


சாய்ந்தமருது
2019 நவம்பர் 8

என் தங்கத் தம்பி றிப்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் சுகம், நீயும் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கை இன்றைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது.

கிருஷாந்தனிடம் இருந்து கேணலின் அட்டைப்பெட்டி கிடைத்துவிட்டது! அதைச் சட்டத்தரணியிடம் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது போதும் போலதான் இரிக்கி, தங்கச்சி. விளையாட்டுச் சாமான் எண்டு அச்சடிச்சே கிடக்கு” என்றார். எனக்கு அவருடைய மேசையிலேயே அழுகை வந்துவிட்டது.

அந்தப் பெட்டியில் இருக்கும் முகத்தை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். இவ்வளவு காலமும் லேஞ்சியால் மூடித்தானே வைத்தேன். பொல்லாதவன்தான், ஆனாலும் வாப்பாவுக்கு ஏன் பிடித்தது என்று விளங்கியது.

நீ வரும் நாளைக்குச் சூடை மீன் பொரித்து, கீரைச் சுண்டலும் வைக்க வேண்டும் என்று ஸப்னா இப்போதே சொல்லித் திரிகிறாள். நீ கேட்ட மற்றதை நேரில் கதைப்போம்.

வஸ்ஸலாம்.
உன் ராத்தா


கொழும்பு
2019 டிசம்பர் 14

அன்புள்ள முனவ்வறா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருக்கிறேன், உங்கள் எல்லோரின் சுகத்தையும் அல்லாஹ்விடம் கேட்கிறேன்.

சட்டத்தரணி அட்டைப்பெட்டியைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். பெரியவர் ஒருவர் அதைத் திறந்து, கவிழ்த்து, தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “வெறும் பெட்டியக் கொண்டு வந்திரிக்கிய. உள்ளுக்க இருந்தது எங்க?” பொம்மை இருந்தது உண்மையானால், அதை யார் ஒளித்தார்கள், ஏன் ஒளித்தார்கள் என்று கேட்கிறார்கள். அது இருந்த வீடு யாருடையது என்று கேட்டார்கள். ராத்தாவின் சீதன வீடு என்றேன். அப்படியென்றால் வீட்டுக்காரரைக் கொழும்புக்குக் கூப்பிட்டுக் கேட்போம் என்று சொல்லி மச்சானின் பெயரை எழுதினார்கள்.

அன்றைக்கு உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துத் திரும்ப வாசித்தேன். ஜூலைக் கடிதத்தில் மச்சானின் ஸலாம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றிலும் இல்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

ராத்தா, இனித் தேட வேண்டாம். பொம்மையைக் கடலில் எறிந்தது நான்தான். ஊரே கையில் கிடைத்ததைக் கிணற்றிலும் கடலிலும் போட்ட அந்த ஊரடங்கு நேரம், நானும் பயத்தில் எறிந்துவிட்டு, பயத்திலேயே மறந்துபோனேன். எறிய முன் தலையை வெட்டினேன். தலை இல்லாவிட்டால் மரம் என்று சின்ன வயதில் மச்சான் சொல்லித் தந்தது மனதில் கிடந்திருக்கிறது. நான் தனியாகத்தான் போனேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. இதையே அவர்களுக்கும் சொல்லி, எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டேன். “பொம்மை எண்டா ஏன் கடல்ல போட்ட?” என்று கேட்டார்கள். அதை எங்கள் ஊர் முழுவதையும் கேளுங்கள் என்றேன்.

சட்டத்தரணி தலையில் கை வைத்துக்கொண்டார். சான்றை அழித்தேன் என்று நானே ஒத்துக்கொண்டதால், ஆறேழு வருடம் வரலாம் என்கிறார். மச்சானைக் கூப்பிட மாட்டார்கள், அதைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ராத்தா. அதையும் மறைக்கவில்லை. ஆனால் எனக்குப் பிள்ளைகள் இல்லை, காத்திருக்கப் பெண்ணும் இல்லை. மச்சானின் அந்தச் சைக்கிளின் பின்னால் இருந்து ஸ்கூலுக்குப் போனவன் நான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த கடிதத்தில் மச்சானின் ஸலாமை மறக்காமல் எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
தம்பி றிப்தி


சாய்ந்தமருது
2020 பெப்ரவரி 23

அன்புள்ள தம்பி றிப்திக்கு, ராத்தா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். அந்தச் சொல்லை எழுதவே கை கூசுகிறது.

உன் கடிதம் வந்து கனநாள். பல தரம் பேனையை எடுத்தேன், வைத்தேன். கடிதத்தை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். முடியும் வரைக்கும் அவர் தலையை நிமிர்த்தவில்லை. பிறகு வாங்கித் தன் கண்ணாலும் ஒருமுறை வாசித்தார்.

மறுநாள் காலையில் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். “கொழும்புக்குப் போறன். றிப்திய நேரில பாக்கணும்” என்றார். பார்க்க மட்டும்தான் போகிறார் என்று நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். வாசலில் ஸப்னா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “மாமாவும் இப்படித்தானே கடைக்குப் போறன் எண்டு போன” என்று கத்தி அழுதாள். மச்சான் என் முகத்தைப் பார்த்தார். நான் குசினி வாசலில் நின்றேன், தம்பி. வாப்பாவின் கையை விடு மகள் என்று நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஸப்னா நான் சொன்னால் கேட்கிற பிள்ளை.

நான் சொல்லவில்லை.

கொழும்பு பஸ் போய்விட்டது. மச்சான் சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

உன்னை வளர்த்த கை இது. உம்மா போன அன்றைக்கு, இவனை நான் விடமாட்டேன் என்று அந்த மையித்தின் முன்னால் சொன்னவள் நான். மறுமையில் உம்மா கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் இல்லை. உடம்பைக் கவனித்துக்கொள். குளிர் என்றால் எழுது, போர்வை அனுப்புகிறேன்.

நீ கேட்டதை மச்சானிடம் கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, “எழுது” என்றார்.

மச்சான் உனக்கு ஸலாம் சொன்னார்.

ராத்தா முனவ்வறா